ஹீலா குகை வீடுகளுக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டுத் தங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், தென்மேற்கு மூலையில் சில்வர் சிட்டி என்று ஒரு சின்ன ஊர். அங்கிருந்து வடக்கே மலைக்குள் போனால், ஹீலா ஆற்றின் கிளைகள் ஒன்று சேரும் இடத்துக்குப் பக்கத்தில், எழுநூறு ஆண்டுகளுக்கு முன் மக்கள் குடியிருந்த குகை வீடுகள் இருக்கின்றன. இதுவரை ஐந்து முறை குடும்பத்தோடு போய் அங்கே கூடாரம் போட்டுத் தங்கியிருக்கிறோம். ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும் தெரிந்தவர்கள் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றுக்கெல்லாம் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். அங்கே வருகிறவர்களில் நிறையப் பேர் காலையில் வந்து, ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கே சில்வர் சிட்டிக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு இரவாவது தங்கிவிட்டு வாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

பெயரை எப்படிச் சொல்வது?

Gila என்ற ஆங்கில எழுத்தைப் பார்த்து 'கிலா' என்று படித்துவிடுவோம். ஸ்பானிய வழக்கப்படி 'ஹீலா' என்பதுதான் சரி. அங்கே வாழ்ந்த மக்களின் பண்பாட்டுக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயரை (Mogollon) ஊர்க்காரர்கள் 'மகியோன்' என்று சொல்கிறார்கள். அது பின்னாளில் ஒரு ஸ்பானிய ஆளுநரின் பெயரால் மலைக்கு வந்து, மலையிலிருந்து மக்களுக்குப் போன பெயர். அவர்கள் தங்களை என்னவென்று அழைத்துக்கொண்டார்கள் என்பதற்குப் பதிவு எதுவும் இல்லை.

குகையைக் குடைந்து கட்டிய வீடுகளா?

இல்லை. குகைகள் இயற்கையாக உண்டானவை. கூழாங்கல்லும் மணலும் இறுகிப் போன பாறை அது. நீரும் காலமும் அதை அரித்துப் பெரிய பொந்துகளாக்கி வைத்திருக்கின்றன. அந்தப் பொந்துகளுக்குள், கல்லை அடுக்கி மண் சாந்து பூசிச் சுவர் எழுப்பி, மரக்கட்டைகளைக் குறுக்கே போட்டு அறைகள் கட்டியிருக்கிறார்கள். ஆறு குகைகளில் ஐந்தில் கட்டடம் இருக்கிறது. எல்லாம் சேர்த்து நாற்பதுக்கும் மேற்பட்ட அறைகள். பத்துப் பதினைந்து குடும்பங்கள் இருந்திருக்கலாம் என்கிறார்கள்.

எந்த ஆண்டில் கட்டினார்கள் என்பது ஓரளவு துல்லியமாகவே தெரிந்திருப்பதற்குக் காரணம் அந்த மரக்கட்டைகள். மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்ததில், அவை 1276க்கும் 1287க்கும் இடையில் வெட்டப்பட்டவை என்று தெரிந்தது. இரும்பு கிடையாது, கல் கோடாலிதான். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கட்டையின் முனையை முதல் தடவை பார்த்தபோது, நான் அங்கேயே நின்றுவிட்டேன். வழவழப்பாக அறுத்த முனை இல்லை. பென்சிலைப் பல்லால் கடித்த மாதிரி, சுற்றிச் சுற்றிக் கொத்தி ஒடித்த முனை. ஒரு கட்டைக்கு இவ்வளவு பாடு என்றால், நாற்பது அறைக்கு எவ்வளவு என்று யோசித்துக்கொண்டே அடுத்த குகைக்குப் போனேன்.

மேற்கூரை முழுக்கக் கருப்பாக இருக்கும். அடுப்புப் புகை. கீழே ஒரு பக்கம் பழைய சோளக் கதிர்த் தண்டுகள் கிடக்கும். நாம் கடையில் வாங்கும் மக்காச்சோளத்தை நினைத்துப் பார்க்காதீர்கள், அதெல்லாம் விரல் நீளம்தான். சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஆற்றங்கரையிலும் மேட்டு நிலத்திலும் விளைவித்திருக்கிறார்கள்.

ஏன் விட்டுவிட்டுப் போனார்கள்?

இவ்வளவு பாடுபட்டுக் கட்டியதில் ஒரு தலைமுறைக் காலம்தான் இருந்தார்கள். 1300 வாக்கில் குகைகள் காலி. ஏன் என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த முடிவு இல்லை. மர வளையங்கள் இன்னொன்றையும் காட்டுகின்றன. 1276இல் தொடங்கி 1299 வரை அமெரிக்கத் தென்மேற்குப் பகுதியில் பெரிய வறட்சி. அதாவது, வறட்சி தொடங்கிய காலத்தில்தான் இந்த வீடுகளையே கட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். அதனால் 'மழை பொய்த்தது, போய்விட்டார்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் 'மறைந்துபோன மக்கள்' என்று சிலர் எழுதுவது தவறு. அவர்கள் இடம் மாறினார்கள், மறையவில்லை. அமெரிக்கத் தென்மேற்கின் பூர்வகுடிகளான இன்றைய பியூப்ளோ மக்களில் பலர் இவர்களைத் தங்கள் முன்னோராகக் கருதுகிறார்கள். பிறகு இந்த மலைகளில் அப்பாச்சி என்ற இன்னொரு பூர்வகுடி மக்கள் வாழ்ந்தார்கள். அவர்களின் புகழ்பெற்ற போர்த் தலைவர் ஜெரோனிமோ பிறந்தது ஹீலாவின் தலைப்பகுதியில்தான் என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள்.

1878இல் சில்வர் சிட்டியில் இருந்த ஹென்றி ஐல்மன் என்பவர் நீதிமன்றத்தில் ஜூரியாக உட்கார வேண்டி வந்ததைத் தவிர்க்க, நண்பர்களோடு கனிமம் தேடப் போகிறேன் என்று கிளம்பி இங்கே வந்து சேர்ந்தார். 1884இல் அடால்ஃப் பாண்டலியர் என்ற ஆய்வாளர் வந்து குறிப்பெடுத்தார். இடையிலும் அதற்குப் பின்னும் வந்தவர்கள் கைக்குக் கிடைத்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். 1907 நவம்பர் 16 அன்று அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் இதைப் பாதுகாக்கப்பட்ட தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தபோது எடுத்துப் போக அதிகம் மிச்சமில்லை.

'பிரிமிட்டிவ் கேம்ப்கிரவுண்ட்' என்கிறார்களே, என்ன அர்த்தம்?

கூடாரம் போட இடம் இருக்கும், அவ்வளவுதான். மின்சாரம் இல்லை, குழாய் இல்லை, ஷவர் இல்லை, வரவேற்பறை இல்லை. ஒரு குழிக் கழிப்பறை இருக்கும், அதற்கும் டிஷ்யூ நீங்கள் கொண்டுபோவது நல்லது. குப்பையைத் திரும்பக் காரில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். 'காட்டுக்குள் நடந்து போய்த் தங்கும் இடமா?' என்று சிலர் பயப்படுகிறார்கள். இல்லை, கார் போகும். காருக்குப் பக்கத்திலேயே கூடாரம் போடலாம்.

எந்த முகாமில் தங்கலாம்?

இரண்டு வகை இருக்கின்றன. குகை வீடுகளுக்கு ஒரு மைலுக்குள் அப்பர் ஸ்கார்ப்பியன், லோயர் ஸ்கார்ப்பியன் என்று இரண்டு. அங்கே மேசை, பெஞ்சு, அடுப்பு, கழிப்பறை உண்டு. சில மைல் தெற்கே, சில்வர் சிட்டியிலிருந்து வரும் வழியிலேயே, ஆற்றங்கரையில் ஃபோர்க்ஸ், கிரேப்வைன் என்று இரண்டு. இவைதான் அசல் பிரிமிட்டிவ். மரத்தடி, மணல், ஆறு.

முதல் தடவை, அதுவும் சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் ஸ்கார்ப்பியனில் தங்குங்கள். காலையில் முதல் ஆளாகக் குகைக்கு ஏறிவிடலாம். என்னைக் கேட்டால் கிரேப்வைன். ஹீலாவின் கிழக்குக் கிளை வந்து சேரும் இடம். இரவு முழுக்க ஆற்றுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பெரிய காட்டன்வுட் மரங்கள். அக்டோபர் கடைசியில் இலையெல்லாம் மஞ்சளாகி, சாயங்கால வெயில் அதில் படும்போது பள்ளத்தாக்கே விளக்கேற்றின மாதிரி ஆகிவிடும்.

முன்பதிவு? கட்டணம்?

இரண்டும் இல்லை. முதலில் வருகிறவருக்கு முதலில் இடம். நீண்ட வார இறுதி நாட்களில் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

தண்ணீருக்கு என்ன செய்வது?

இதைத்தான் முதல் கேள்வியாக வைத்திருக்க வேண்டும். ஃபோர்க்ஸ், கிரேப்வைன் இரண்டிலும் குடிநீர் கிடையாது. சில மைல் தள்ளி விசிட்டர் சென்டரில் குழாய் இருக்கிறது, அங்கே போய்ப் பிடித்து வரலாம். ஸ்கார்ப்பியன் பக்கம் கோடையில் தண்ணீர் கிடைக்கும், குளிர்காலத்தில் குழாய் உறைந்துவிடும் என்று அடைத்துவிடுவார்கள். எது எப்படி இருந்தாலும் சில்வர் சிட்டியிலிருந்தே கேன்களை நிரப்பிக்கொண்டு வருவதுதான் எங்கள் வழக்கம்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது நான்கு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு என்பது பொதுக் கணக்கு. அது குடிக்கவும் எளிய சமையலுக்கும் போதும். நம் ஊர்ச் சமையல் என்றால் போதாது. அரிசி களைய, பருப்பு வேக, குக்கர் கழுவ என்று எல்லாவற்றுக்கும் தண்ணீர். நாங்கள் நான்கு பேர், இரண்டு நாளுக்கு ஐந்து கேலன் கேன் மூன்று கொண்டுபோகிறோம். அரிசியை வீட்டிலேயே களைந்து உலர்த்தி எடுத்துப் போனால் பாதித் தண்ணீர் மிச்சம்.

ஆற்று நீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். அப்படியே குடித்துவிடாதீர்கள். மேலே மாடும் மானும் நடக்கும் ஆறு, ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி வந்து வயிற்றைப் புரட்டிவிடும். வடிகட்டியோ, நன்றாகக் கொதிக்க வைத்தோ குடியுங்கள்.

நிரப்பிய ஐந்து கேலன் கேன் ஒன்று 19 கிலோ. காரிலிருந்து அடுப்பு வரை தூக்கி வருவதற்குள் தோள் இறங்கிவிடும். மறுநாள் குகை வீட்டுக்கு ஏறும்போது, பள்ளத்தாக்கின் அடியிலிருந்து 180 அடி உயரம் ஏற வேண்டியிருந்தது. கீழே ஓடும் ஓடைதான் அவர்களுக்குத் தண்ணீர். என் மகள் பாதியில் நின்று, 'தினமும் பானையோட இதுல ஏறுவாங்களாப்பா?' என்று கேட்டாள். முந்தின நாள் கேன் தூக்காமல் இருந்திருந்தால் அவளுக்கு அந்தக் கேள்வி வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

சாலை எப்படி?

சில்வர் சிட்டியிலிருந்து 44 மைல்தான். ஆனால் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். 15ஆம் எண் நெடுஞ்சாலை, வளைவுக்கு மேல் வளைவு, பல இடங்களில் நடுக்கோடு கூட இல்லாத ஒடுக்கமான மலைப்பாதை. தார் போட்டதுதான், சாதாரணக் கார் போதும். 20 அடிக்கு மேல் நீளமான வண்டி, டிரெய்லர் என்றால் மிம்ப்ரஸ் பள்ளத்தாக்கு வழியாக 35ஆம் எண் சாலையில் சுற்றி வரச் சொல்கிறார்கள். வாந்தி வரும் பிள்ளைகளுக்குக் கிளம்பும் முன் வயிறு முட்டக் கொடுக்காதீர்கள். பெட்ரோல் சில்வர் சிட்டியிலேயே முழுக்க நிரப்பிவிடுங்கள். குகைகளுக்கு நான்கு மைல் முன்னால் ஹீலா ஹாட் ஸ்பிரிங்ஸில் டாக் கேம்ப்பெல்ஸ் என்று ஒரு பழைய கடை இருக்கிறது. அவர்களே செய்யும் ஐஸ்கிரீம் அங்கே பேர் போனது.

இருட்டிய பிறகு அந்தச் சாலையில் போகாதீர்கள். எல்க் மான் குதிரை அளவு இருக்கும், வளைவில் திடீரென்று நடுரோட்டில் நிற்கும்.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை, அப்புறம் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை.

மே, ஜூன் மாதங்களில் காடு காய்ந்து கிடக்கும், காட்டுத்தீப் பருவம். 2022 மே மாதம் பிடித்த 'பிளாக் ஃபயர்' மட்டும் 3 லட்சத்து 25 ஆயிரம் ஏக்கரை எரித்தது. 2011இல் வந்த தீ குகை வீடுகளுக்கு வெகு அருகிலேயே வந்தது. தீ இருந்தால் சாலையை மூடிவிடுவார்கள், கிளம்பும் முன் வனத்துறை அறிவிப்பைப் பாருங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். அங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், பத்து மைல் மேலே மலையில் கொட்டும், சிறிது நேரத்தில் ஆறு பழுப்பாகப் பொங்கி வரும். எரிந்த காட்டில் மண்ணைப் பிடித்து நிறுத்த வேர் இல்லை, அதனால் வெள்ளம் முன்பைவிட வேகம். அந்த மாதங்களில் தண்ணீருக்கு ஒட்டிய மணலில் கூடாரம் போடவே கூடாது. மேடான இடம் பாருங்கள். பழைய வெள்ளம் கொண்டுவந்து செருகிய குச்சியும் சருகும் மரத்தில் எந்த உயரத்தில் சிக்கியிருக்கிறது என்று பார்த்தால், தண்ணீர் எதுவரை வரும் என்பது தெரிந்துவிடும்.

மே மாதம் என்றால் வெயில்தானே, போர்வை போதுமா?

போதாது. அந்த இடமே கடல் மட்டத்திலிருந்து ஐந்தாயிரத்து அறுநூறு அடிக்கு மேல். பகலில் அரைக்கைச் சட்டை, விடியற்காலையில் மூன்று நான்கு டிகிரி செல்சியஸ். முதல் தடவை நாங்கள் பருத்திப் போர்வைகளோடு போனோம். அதிகாலை மூன்று மணிக்குச் சின்னவன் பல் கிட்டி நடுங்கிக்கொண்டிருந்தான். அவனைத் தூக்கிக் காரில் போட்டு, ஹீட்டரை ஓட்டி, மடியில் வைத்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருந்தேன். அந்த இரவை நினைத்தால் இன்றும் கஷ்டமாக இருக்கிறது. சைபர் டிகிரி வரை தாங்கும் ஸ்லீப்பிங் பேக், அடியில் நல்ல மெத்தை விரிப்பு, கம்பளித் தொப்பி. குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும்.

சமைக்கலாமா? விறகு?

கேஸ் அடுப்பில் தாராளமாகச் சமைக்கலாம். விறகு அடுப்பு என்றால், அன்றைக்குத் தீத்தடை இருக்கிறதா என்று விசிட்டர் சென்டரில் கேளுங்கள். தடை இருந்தால் ஒரு சிறு கங்கு கூடக் கூடாது. தடை இல்லாதபோதும், ஏற்கெனவே உள்ள கல் வட்டத்துக்குள் மட்டும் மூட்டுங்கள். நிற்கும் மரத்திலிருந்து கிளை ஒடிக்கக் கூடாது, பட்ட மரமானாலும் சரி. கீழே விழுந்து கிடப்பதை எடுக்கலாம். நடமாட்டம் அதிகம் என்பதால் முகாமைச் சுற்றிச் சுள்ளி கிடைப்பது அரிது, ஊரிலிருந்தே ஒரு கட்டு விறகு வாங்கி வந்துவிடுவது நல்லது.

சாப்பாட்டில் எங்கள் ஏற்பாடு: முதல் ராத்திரிக்கு வீட்டிலிருந்தே புளியோதரை, இரண்டாம் நாள் காலை ரவா உப்புமா, ராத்திரி பருப்பு சாதமும் சுட்ட அப்பளமும். பாத்திரம் கழுவிய தண்ணீரை ஆற்றில் ஊற்றாதீர்கள். ஆற்றிலிருந்து 200 அடி தள்ளிப் போய், பருக்கைகளை வடிகட்டிக் குப்பைப் பையில் போட்டுவிட்டு, தண்ணீரைப் பரவலாகத் தெளித்துவிடுங்கள். இந்த ஆற்றில்தான் ஹீலா டிரவுட் என்ற மீனை அழிவிலிருந்து மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். உலகத்தில் வேறு எங்கும் இயற்கையாக இல்லாத மீன்களில் ஒன்று.

கரடி வருமா?

கருங்கரடிகள் உள்ள காடுதான். கரடி நம்மைத் தேடி வராது, நம் சாப்பாட்டைத் தேடி வரும். உணவு, எண்ணெய், பற்பசை, சோப்பு, குப்பை, வாசனை உள்ள எதுவானாலும் இரவில் பூட்டிய காருக்குள் போய்விட வேண்டும். கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட் கூட வேண்டாம். உண்மையில் அதிகம் பார்ப்பது ஹாவலினாவைத்தான். காட்டுப்பன்றி மாதிரிக் கூட்டமாக வரும், கண் பார்வை மந்தம், மோப்பம் கூர்மை. வழிவிட்டு ஒதுங்கினால் போய்விடும். மெக்சிகோ சாம்பல் ஓநாய்களை 1998 முதல் இந்த வட்டாரக் காடுகளில் திரும்பக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். ஓர் இரவு தூரத்தில் ஊளை கேட்டது. ஓநாயா, கொயோட்டி என்கிற சின்ன ஓநாய் இனமா என்று தெரியாமலே நெடுநேரம் விழித்திருந்து கேட்டோம்.

ராட்டில் பாம்பு உண்டு. பாறை இடுக்கில் கையை விடக் கூடாது, இருட்டில் டார்ச் இல்லாமல் கழிப்பறைக்குப் போகக் கூடாது. அப்புறம் பெரும்பாலோர் யோசிக்காத ஒன்று, எலி. இந்தப் பகுதிக் காட்டு எலிகளின் எச்சத்திலிருந்து நுரையீரலைத் தாக்கும் ஹாண்டா வைரஸ் பரவும். எலி வளை, பாழடைந்த கொட்டகை பக்கத்தில் கூடாரம் போடாதீர்கள்.

வயதானவர்கள், குழந்தைகள் குகைக்கு ஏற முடியுமா?

சுற்றுப்பாதை மொத்தம் ஒரு மைல். முதல் பாதி ஓடையோரம் நிழலில் போகும், சிறு பாலங்களைத் தாண்ட வேண்டும். பிறகு படியும் ஏற்றமுமாக 180 அடி. என் மாமியாருக்கு 68 வயது, இடையிடையே உட்கார்ந்து ஏறிவிட்டார். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இறக்கம்தான் கஷ்டம், ஊன்றுகோல் உதவும். குகைக்குள் ஒரு மர ஏணி இருக்கிறது, அதில் இறங்க முடியாதவர்கள் வந்த வழியே திரும்பலாம். காலை 9 மணிக்குத் திறப்பார்கள், மாலை 4 மணிக்குப் பிறகு ஏற விடமாட்டார்கள். பாதையில் தண்ணீர் தவிர வேறு சாப்பாடு கூடாது. சிந்தும் துணுக்கு எலியையும் அணிலையும் இழுக்கும், அவை சுவரின் அடியைத் தோண்டும்.

நாய்?

குகைப் பாதையில் அனுமதி இல்லை. முகாமில் கயிற்றில் கட்டி வைத்துக்கொள்ளலாம்.

குளிக்க வழி உண்டா? வெந்நீர் ஊற்று இருக்கிறதாமே?

விசிட்டர் சென்டரிலிருந்து மிடில் ஃபோர்க் கிளையோரம் அரை மைல் நடந்தால் லைட்ஃபெதர் என்ற ஊற்று. ஆற்றை இரண்டு தடவை காலால் தாண்ட வேண்டும். பாறையிடுக்கில் கொதித்து வரும் நீரைக் கல் அடுக்கித் தேக்கி, ஆற்று நீரோடு கலந்து வைத்திருப்பார்கள். அலுத்த உடம்புக்கு அமிர்தம். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: தலையை நீருக்குள் முக்கவே கூடாது. வெந்நீர் ஊற்றுகளில் மூக்கு வழியாக மூளைக்கு ஏறும் அமீபா இருக்க வாய்ப்புண்டு. அரிதுதான், ஆனால் வந்தால் பிழைப்பது மிகக் கடினம். பிள்ளைகளைக் கழுத்துக்கு மேல் நனைய விடாதீர்கள், தண்ணீர் அடித்து விளையாடவும் விடாதீர்கள்.

குகைக்குள் எதையாவது தொடலாமா? கீழே பழைய பானை ஓட்டுத் துண்டு கிடைத்தால்?

சுவரில் சாயாதீர்கள், கை வைக்காதீர்கள். மண் சாந்து, ஒவ்வொரு கையும் ஒரு துளியை எடுத்துக்கொண்டு போகும். காட்டுக்குள் நடக்கும்போது கருப்புக் கோடு போட்ட பானை ஓடு கண்ணில் படலாம். படம் எடுங்கள், கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள், ரேஞ்சரிடம் சொல்லுங்கள். 1979ஆம் ஆண்டுத் தொல்பொருள் பாதுகாப்புச் சட்டப்படி எடுத்துப் போவது குற்றம், அபராதமும் சிறையும் உண்டு. அதைவிடப் பெரிய காரணம், ஓடு கிடந்த இடத்தில் இருந்தால்தான் அது எதையாவது சொல்லும். அலமாரிக்கு வந்துவிட்டால் வெறும் ஓடு.

வேறு என்ன பார்க்கலாம்?

லோயர் ஸ்கார்ப்பியன் முகாமிலிருந்தே ஒரு சிறிய பாதை போகிறது. பாறையில் செங்காவி நிறத்தில் வரைந்த உருவங்களும், சிறிய குகை வீடு ஒன்றும் இருக்கின்றன. கூட்டமே இருக்காது. சாயங்காலம் போங்கள், சாய்வு வெளிச்சத்தில் காவி நிறம் எடுப்பாகத் தெரியும்.

குகையைச் சுற்றிலும் உள்ள காடு, ஹீலா வைல்டர்னஸ். ஆல்டோ லியோபோல்ட் என்ற வனத்துறை அதிகாரி, எல்லாக் காட்டுக்குள்ளும் சாலை போட்டுக்கொண்டே போகிறோமே, ஓர் இடத்தையாவது விட்டுவைக்கலாம் என்று வாதாடி, 1924 ஜூன் 3 அன்று இதைச் சாலையும் வண்டியும் நுழையாத பகுதியாக ஒதுக்க வைத்தார். அப்படி ஒதுக்கப்பட்ட முதல் காடு இதுதான். நாடு முழுதுக்குமான சட்டம் வர இன்னும் 40 ஆண்டு ஆனது.

போன் எடுக்குமா?

எடுக்காது. வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். மருத்துவமனை சில்வர் சிட்டியில்தான், அதாவது இரண்டு மணி நேரம். ஆஸ்துமா, சர்க்கரை, ஒவ்வாமை உள்ளவர்கள் மருந்தை ஒரு நாளுக்குக் கூடுதலாகவே எடுத்து வையுங்கள்.

இரவில் அப்படி என்னதான் இருக்கிறது?

பக்கத்தில் நகரமே இல்லை. நிலா இல்லாத இரவில் கண் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், அதுவரை போனைப் பார்க்காதீர்கள். அப்புறம் பால்வீதி ஒரு மலையிலிருந்து இன்னொரு மலை வரை நீண்டு கிடப்பது தெரியும். இதே தேசிய வனத்தின் மேற்குப் பக்கத்தில் காஸ்மிக் கேம்ப்கிரவுண்ட் என்று ஒன்று, 2016இல் வட அமெரிக்காவின் முதல் இருள்வானச் சரணாலயம் என்ற அங்கீகாரம் பெற்றது.

பத்து மணிக்குள் எல்லா முகாமிலும் விளக்கு அணைந்துவிடும். ஆறு ஓடுவது கேட்கும். அடுப்பில் கங்கு சிவந்துகொண்டிருக்கும், புகை போர்வையில் ஏறியிருக்கும். அன்று காலை பார்த்த குகைக் கூரையின் கருப்பு அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரும். அதே புகைதான், அதே ஆறுதான், குளிரும் கிட்டத்தட்ட அதேதான். பகலில் வந்து போகிறவர்களுக்கு இது கிடைக்காது, அதனால்தான் தங்கச் சொல்கிறேன்.

கிளம்பும்போது கவனிக்க வேண்டியது?

அடுப்பில் தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். புகை நின்றுவிட்டது என்று நம்பாதீர்கள். கடைசியில் வெறுங்கையைச் சாம்பலுக்குள் விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருந்தால் இன்னொரு குடம். இதற்கென்றே நான் ஒரு கேன் தண்ணீரைக் கடைசி வரை தொடாமல் வைத்திருப்பேன்.